வசந்தியின் இடது கண்

செம்பாக்கம் ஆஸ்பத்திரியில் தன் பேத்திக்குத் தடுப்பூசி போட்டதும், என் தங்கை வசந்தி குழந்தையின் விரல்களைப் பிடித்துக்கொண்டு, "கண்ணைத் தொடாதடி, செல்லம்" என்றாள். ஸ்பிரிட் வாசனை என்னை எங்கள் பழைய தாம்பரம் வீட்டுக்கு இழுத்துப் போய்விட்டது.

அறுபதுகளின் கடைசியில் வீடு வீடாக வந்து அம்மை குத்தினார்கள். வசந்திக்கு நான்கு வயது. குத்திய இடத்தில் கொப்புளம் எழும்பி அரித்தது. சொறிந்த விரலாலேயே கண்ணைக் கசக்கிவிட்டாள். சில நாளில் இடது கண் சிவந்து, வீங்கி மூடிக்கொண்டது.

"டாக்டர்கிட்ட தூக்கினு போலாம்" என்றார் அப்பா.

"ஆத்தா கண்ல எறங்கியிருக்கா. தலைக்குத் தண்ணி ஊத்தாம வாசப்படி தாண்டக்கூடாது" என்று அம்மா மறித்தாள். நிலையில் வேப்பிலை செருகினாள். வசந்தி வலியில் முனகியபடியே கிடந்தாள்.

தண்ணீர் ஊற்றிய பிறகுதான் போனார்கள். "ஆத்தா இல்லம்மா, கைப்புண்ணுலேர்ந்து கண்ணுக்கு ஒட்டிக்கிச்சு. அன்னிக்கே வந்திருக்கலாமே" என்றார் டாக்டர். அதற்குள் கருவிழியில் வெள்ளை படர்ந்து பார்வை போயிருந்தது.

அதன்பின் சோறு ஊட்டும்போது அம்மா எப்போதும் வசந்தியின் இடப்பக்கமாகவே உட்கார்வாள். அந்தப் பக்கம் இருந்து அழுதால் வசந்திக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரி பெஞ்சிலிருந்து எழுந்து, நானும் வசந்தியின் இடப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன்.