பைலட் அண்ணனின் டகோட்டா

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. துரைசாமி அண்ணன் இறந்த செய்தி வந்தபோது நான் கேலி பேசிக்கொண்டிருந்தேன். போனில் அவர் பெயரைப் பார்த்ததும் எடுத்து, "என்னுங்க பைலட், வண்டி கெளம்பிருச்சுங்களா?" என்றேன். பேசியது அவர் மனைவி. "கெளம்பிட்டாருங்க தம்பி. விடியக்காலம் நெஞ்சு வலிக்குதுன்னாரு..." என்றார்.

எங்கள் பனியன் கம்பெனியில் அவர் பிரிண்டிங் மாஸ்டர், நான் அயர்ன் மாஸ்டர். அவர் எப்படிப் பைலட் ஆனார் என்பது இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும், அவரோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும். உலோகத்தில் வார்த்த சின்ன விமானங்களைச் சேர்த்தார். அதிலும் அந்தக் காலத்து ராணுவத்தில் சரக்கும் ஆளும் ஏற்றிப்போனவை மட்டும். சண்டை விமானம் ஒன்றுகூட இல்லையே என்று கேட்டேன்.

"சுட்டுட்டுத் திரும்பறது என்ன பெரிய வேலைங்க தம்பி? அரிசியும் கம்பளியும் மலைக்கு மேல கொண்டு போய்ச் சேர்க்கோணும். அதுதானுங்க வேலை."

"அப்ப நம்ம பேக்கிங் ஆளுகளுக்கும் ஒரு மெடல் குடுக்கோணுங்க."

"குடுக்கலாங்க. உங்களுக்குக் குத்தத்தான் சட்டையில எடமில்லீங்க, பூராவும் டீக்கறை."

அவற்றில் அவருக்கு உயிர் டகோட்டா என்ற விமானம்தான். இரண்டு உள்ளங்கையைச் சேர்த்தால் உட்காரும் அளவு. வாங்கியபோது அதில் வேறு நாட்டு அடையாளம் இருந்தது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, நம் விமானப்படையின் மூவண்ண வட்டத்தையும் வால் எண்ணையும் ஒட்டுத்தாளில் தானே பிரிண்ட் அடித்து, சாப்பாட்டு நேரத்தில் ஒட்டினார். "இது எஸ் சைஸா, எம் சைஸாங்க?" என்றேன். "உங்க வாய்தாங்க எக்ஸ்எல்" என்றார், நிமிராமல்.

ஒருநாள் வரம்பு மீறிவிட்டேன். ஆர்டர் கொடுக்க வந்த வெளியூர்க்காரரிடம், "எங்க மாஸ்டர் இன்னும் பொம்மை வெச்சு வெளையாடறாருங்க" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். மறுநாளிலிருந்து டகோட்டா கம்பெனிக்கு வரவில்லை.

எனக்கு உறுத்தியது. ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்பெல்லாம் கேட்டுப் பழக்கமில்லை. "காட்டுங்கண்ணா, பார்க்கலாம்" என்றேன். பதினோரு விமானங்களையும் ஒவ்வொன்றாக இறக்கிக் கதை சொன்னார். ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய எனக்குப் பாதிப் பெயர் வாயில் நுழையவில்லை. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

மூன்றாம் நாள் துக்கம் கேட்கப் போனபோது அவர் மனைவி டகோட்டாவைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தார். "பதினொண்ணையும் உக்காந்து பார்த்தவரு நீங்க ஒருத்தருதானாமா. இது உங்களுக்குன்னு சொல்லிட்டே இருப்பாருங்க. அவரு வெச்சிருந்த மாதிரியே வெச்சுக்கோங்க தம்பி."

தலையை ஆட்டி வாங்கிக்கொண்டேன். கேலி செய்தவனை நம்பி விட்டுப்போயிருக்கிறார். ஒரு கீறல் விழக்கூடாது என்று மடியிலேயே வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன்.

யார் எதை ஆசையாகக் காட்டினாலும் இப்போது உட்கார்ந்து முழுசாகப் பார்க்கிறேன். அவரிடமிருந்து எனக்கு வந்த ஒன்று அந்தப் பழக்கம். இன்னொன்று டகோட்டா.

துக்க வீட்டுக்குப் போய்வந்தால் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைய வேண்டும். அன்று டகோட்டாவை வாசலில் பத்திரமாக வைத்துவிட்டுக் குளித்து வந்தேன். அதுவும் துக்க வீட்டிலிருந்துதானே வந்தது என்று என் மனைவி அதைச் சோப்புத்தூள் கரைத்த வாளியில் ஊறப்போட்டிருந்தாள். வட்டங்களும் வால் எண்ணும் நுரைமேல் மிதந்தன. அண்ணன் அடித்த பிரிண்ட் தண்ணீரில் போனது, எனக்குத் தெரிந்து அதுவே முதல் தடவை.