இரண்டு பெட்டிக்கு நடுவில்

கல்யாணத்துக்கு முன்பு திருச்சியில் ஒரு ரேடியோ கம்பெனியில் சால்டரிங் வேலை பார்த்தவள் நான். அரியலூருக்கு மருமகளாக வந்தபோது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாமனார் திருமானூர்ப் பக்கம் டூரிங் டாக்கீஸ் நடத்தி மூடியவர். கொட்டகையில் ஓடிய வால்வு ஆம்ப்ளிஃபயரும், அதே மாதிரி உபரியாக வைத்திருந்த இன்னொன்றும், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்பீக்கர் பெட்டியுமாகப் பின்கட்டில் கிடந்தன.

எண்பதுகளின் தொடக்கத்தில் என் கணவர் ஒரு ஸ்டீரியோ ரெக்கார்டு பிளேயர் வாங்கி வந்தார். அதற்கு டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரும் வாங்கவேண்டும் என்றார்.

"எதுக்குங்க? ஸ்டீரியோன்னா ரெண்டு பக்கம். நம்மகிட்டதான் ரெண்டு செட்டு இருக்கே. நான் பண்ணித் தரேன்" என்றேன்.

மாமனார் காதில் அது விழுந்துவிட்டது. "ஆளைத் தூக்கி எறியற கரண்டும்மா அது. ஆஃப் பண்ணினாலும் உள்ள நிக்கும்."

"தெரியும் மாமா. அதை எறக்கிட்டுத்தான் கை வைப்பேன்."

மறுநாள் பீரோவிலிருந்து பஞ்சில் சுற்றிய புதுக் கண்ணாடி வால்வுகளை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். அதுதான் அவர் சம்மதம்.

இரண்டு செட்டையும் பிரித்து ஒரே அலுமினியத் தட்டில் கட்டினேன். கரண்டைத் தேக்கிவைக்கும் கண்டென்சர்களில் கெட்டுப்போனவற்றை எல்லாம் மாற்றினேன். இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரே வால்யூம் குமிழ் வைத்தேன்.

முதல்முறை போட்டபோது வண்டு ரீங்கரிப்பதுபோல் ஓர் இரைச்சல். டிரான்ஸ்ஃபார்மர், பாட்டு உள்ளே வரும் ஒயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. அதைக் கழற்றித் தட்டின் மறுகோடிக்கு மாற்றியதும் இரைச்சல் அடங்கியது. ஆனால் பாட்டில் கனமே இல்லை. குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை.

"பழைய செட்டு. இவ்வளவுதான் வரும்போல" என்றார் கணவர்.

"இல்லங்க, ஒரு பெட்டிக்கு ஒயர் தலைகீழா இருக்கு. ஒண்ணு முன்னால தள்ளறப்ப இன்னொண்ணு பின்னால இழுக்குது."

அணைத்துவிட்டு, வலப்பக்கப் பெட்டியின் இரண்டு ஒயர்களை இடம் மாற்றிப் போட்டு, இசைத்தட்டை முதலிலிருந்து ஓடவிட்டேன்.

மாமனார் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். ஆயுள் முழுக்கத் திரைக்குப் பின்னால் வைத்த ஒரே பெட்டியிலிருந்து பாட்டுக் கேட்டவர் அவர். தலையை அப்படியும் இப்படியும் திருப்பினார். "வயலின் இந்தப் பக்கம். மிருதங்கம் அங்க. பாடற பொம்பள எங்கம்மா?"

இரண்டு பெட்டிக்கும் நடுவே காலண்டர் தொங்கிய வெறும் சுவரைக் காட்டினேன். அவர் நடந்துபோய் அந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு, "இன்னொரு தடவ போடும்மா" என்றார்.

விஷயம் ஊரில் பரவியது. குரும்பலூரிலிருந்து ஒருவர் வால்வு ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்து, "ரிப்பேர் பண்றவர் இருக்காருங்களா?" என்றார்.

"அவர் இல்ல, அவங்க. என் மருமக. உக்காருங்க" என்றார் மாமனார். அன்று சாயங்காலமே எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து, முன்னறையில் எனக்கென்று ஒரு பிளக் பாயிண்ட் வைக்கச் சொன்னார்.