புழு விழாத கத்தரிக்காய்

அந்த வருஷம் எங்கள் கத்தரித் தோட்டத்தில் புழுவே விழவில்லை. ஒலக்கூர் பக்கம் எல்லோரும் மருந்தடித்து ஓய்ந்துபோன நேரம் அது. திண்டிவனத்தில் ஒரு கடையில் என் கணவர் வாங்கிவந்த விதை. பையில் கம்பெனிப் பெயர் இல்லை. விளைந்ததை மார்க்கெட்டுக்கு அனுப்பினோம். மீந்ததை நான் குழம்பு வைத்தேன். அப்போது நான் மாசமாக இருந்தேன்.

வேளாண்மை அதிகாரிகள் வந்து இலையும் காயும் பறித்துப் போனார்கள். சில வாரங்களில் திரும்பி வந்தார்கள்.

"இது மரபணு மாத்தின கத்தரிம்மா. நம்ம நாட்டுல அனுமதி கெடையாது," என்றார் ஒருவர்.

"சார், இத்தினி நாளா இதத்தான் துன்னுக்கினு இருக்கேன். வயித்துல இருக்கிற புள்ளைக்கு எதனா ஆவுமா?"

"ஆவும்னு சொல்ல ஆதாரம் இல்ல. ஆவாதுன்னு நான் எழுதித் தரவும் முடியாதும்மா."

அவர்கள் சொன்னபடி காயோடு இருந்த செடிகளை நாங்களே பிடுங்கிக் குழியில் போட்டு மூடினோம்.

விதைக் கடைக்காரர், "எங்கிட்ட வாங்கினியா? பில்லு காட்டு," என்றார். பில் கொடுத்திருந்தால்தானே காட்ட?

விழுப்புரத்தில் நாங்கள் போய்ப் பார்த்த வக்கீல் பொறுமையாகத்தான் சொன்னார். "வித்தவன நிரூபிக்கணும். நட்டது நீங்கன்னு நெலமே சொல்லுது. கேஸ் உங்க மேலதான் வரும். வெளியில யார்கிட்டயும் வாயத் தொறக்காதீங்க."

"துன்னவங்களுக்கு எதனா ஆனா யாருங்க பொறுப்பு?" என்று கேட்டார் என் கணவர்.

மறுநாள் காலை என் கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். எங்கள் காயை வாங்கி விற்ற மார்க்கெட் அம்மாவிடம் சொல்லப் போவதாகச் சொன்னார்.

"வக்கீல் வேணான்னாரேங்க," என்றேன்.

"அந்தம்மா வூட்லயும் கொழந்த இருக்குது. தெரிஞ்சிக்கினு எப்பிடி சும்மா இருக்கிறது?"

அந்த அம்மா கேட்டுவிட்டு, "எங்க பேத்திக்கு அதத்தானேய்யா பெசஞ்சி ஊட்டினேன்," என்று தலையில் அடித்துக்கொண்டாராம். அதன்பிறகு நாங்கள் வேறு விதை போட்டு விளைவித்த காயைக்கூட மார்க்கெட்டில் ஒருவரும் தொடவில்லை.

எங்களுக்குப் பெண் பிறந்தாள். நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனாலும் அவளுக்கு உடம்பு லேசாகச் சுட்டாலே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவேன்.

எங்கள் மேல் போட்ட வழக்கு இன்னும் நடக்கிறது. மார்க்கெட் அம்மாவை அரசுத் தரப்பில் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். அவர் பொய் சொல்லவில்லை. என் கணவர் வந்து சொன்னதை அப்படியே சொன்னார். தன் காயைப் பற்றி விற்கும்போதே இவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்பதற்கு அதையே ஆதாரமாக எடுத்துக்கொண்டார்கள். கடைக்காரரை யாரும் கூண்டில் ஏற்றவில்லை.