பனிமலைக்கு ஏழு நாள்

மஸ்கெலியாவில் ஒரு சலூனில் முடி வெட்டிக்கொண்டிருந்தபோதுதான் என் மச்சான் அந்தப் படத்தைப் பார்த்தார். அது ஒரு பழைய காலண்டர். மாதத் தாள்கள் எல்லாம் கிழிந்துபோய்ப் படம் மட்டும் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. வெள்ளை வெளேரென்று ஒரு மலை. அடியில் ஒரு குகை. குகைக்குள்ளிருந்து ஓர் ஆறு வெளியே வந்தது.

"இது என்னா, சுண்ணாம்பு மலையா?" என்று கேட்டார்.

"ஐஸு," என்றார் சலூன்காரர். "வடக்க இமயமலையில இருக்கு. கங்கை அங்கருந்துதான் பொறப்படுதாம்."

மச்சான் அதுவரை ஐஸைப் பார்த்தது ஹட்டன் மீன் கடையில் மட்டும்தான். மரத்தூளில் புதைத்து, சாக்கில் சுற்றி, ரயிலில் கொழும்பிலிருந்து வரும்.

"மலை முழுக்க ஐஸா? அம்புட்டுக்கும் மரத்தூளு யாரு கொட்டுறது?"

சலூனே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. பாதி வெட்டிய தலையோடு எழுந்து போய்ப் படத்தின் அருகில் நின்றார். சலூன்காரர் கத்தரியைப் பிடித்தபடி காத்திருந்தார்.

மச்சான் என் அக்காவின் கணவர். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். அந்த ஸ்டோரில் இலை காய்வதற்கு அனல் கொடுக்கும் பெரிய அடுப்பைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. வெளியே எல்லாரும் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு நடுங்குகிற மாதங்களிலும் அவர் வெற்று உடம்பில் விறகு தள்ளிக்கொண்டிருப்பார். முன்கையில் முடி கிடையாது. பொசுங்கிப் பொசுங்கி முளைப்பதையே விட்டுவிட்டது. அப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு மலையே ஐஸாக இருக்கிறது என்பது மனசில் தைத்துவிட்டது. பக்தி எல்லாம் இல்லை. தொட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். லிந்துலையில் லொறிக் கிளீனர், தலவாக்கலையில் பேக்கரி, திருகோணமலையில் சுமை தூக்கும் வேலை என்று எதிலும் ஒரு வருஷம் நிலைத்ததில்லை. வேலை போகும்போதெல்லாம் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், அக்காவின் ஒற்றையறைக் காம்பராவில் வந்து விழுவேன். ஆனால் இங்கிலீஷ் எழுத்துகளைக் கூட்டி வாசிப்பேன், எழுதுவேன். ரயில், பஸ் நேரங்கள் எனக்குத் தெரியும். அதனால் பயணத்துக்குத் திட்டம் போடுகிற பொறுப்பு யாரும் கொடுக்காமலேயே எனக்கு வந்தது. சொல்லப்போனால் மச்சானைவிட எனக்குத்தான் வெறி பிடித்திருந்தது.

ஹட்டன் கோயில் மடத்தில் அப்போது ஒரு பண்டாரம் தங்கியிருந்தார். இமயமலைப் பக்கமெல்லாம் நடந்து வந்தவர். நானும் மச்சானும் தேத்தண்ணி வாங்கிக்கொடுத்துக் கேட்டோம். தலைமன்னாரில் கப்பல் ஏறி, அந்தக் கரையில் ரயில் பிடித்து, சென்னை, டெல்லி, ஹரித்துவார் என்று போய், அங்கிருந்து பஸ் போகும்வரை பஸ்ஸில் போக வேண்டும். பஸ் நிற்கும் இடத்திலிருந்து நடை. கங்கோத்ரி தாண்டி அந்தக் குகைவரை போய்த் திரும்ப எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன்.

"பன்னெண்டு நாள் வச்சுக்க," என்றார் பண்டாரம்.

மச்சான் அந்த நேரம் தேத்தண்ணிக் கோப்பையைக் கொடுக்க எழுந்து போயிருந்தார். கணக்கப்பிள்ளை பன்னிரண்டு நாள் நடைக்கு லீவு தர மாட்டார் என்பது எனக்குத் தெரியும். பயணத்துக்கே எத்தனையோ நாள் போய்விடும். நான் அப்பியாசக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் 'ஏழு நாள்' என்று எழுதினேன். மலையிலேயே பிறந்து வளர்ந்த எங்களுக்கு ஏழு நாள் போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மச்சானிடமும் ஏழு என்றே சொன்னேன்.

அதன் பிறகு அந்தக் கொப்பி நிறைந்துகொண்டே வந்தது. முதல் நாள் இத்தனை மைல், இரண்டாம் நாள் இத்தனை மைல். அவல், சுக்கு, சர்க்கரை, ஸ்டோரிலிருந்து இரண்டு கை தேயிலைத் தூள். ஆளுக்கு இரண்டு கம்பளி. காலுக்குச் சாக்கு. சாக்கு நனைந்தால் விறைத்துப்போகும் என்று பண்டாரம் சொன்னதால், அதன் மேல் சுற்ற லொறி டயரின் பழைய டியூப். ஒத்திகை பார்க்கவும் போனோம். யாத்திரை சீசன் முடிந்து மலையடிவாரத்து நல்லதண்ணியில் கடைகளைப் பிரித்துவிட்ட பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மூட்டைக்குப் பதிலாகக் கல்லைச் சாக்கில் கட்டி முதுகில் போட்டுக்கொண்டு சிவனொளிபாத மலையில் ஏறினோம். ஆள் நடமாட்டமே இல்லை. மழை. காலெல்லாம் அட்டை. உச்சியில் காற்று அடித்த அடியில் என் பல் கிட்டிவிட்டது. மச்சான் மட்டும் சட்டையைக் கழற்றிவிட்டு நின்றார்.

"இதவிட குளுருமா மாப்ளே?"

"இது என்னா மச்சான் குளுரு? அங்க மூத்திரம் பேஞ்சா தரையில விழுகறதுக்குள்ள கட்டியாயிருமாம்."

அவர் அதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் எனக்குக் கேட்கிறது. அவ்வளவு வாய்விட்டு அவர் சிரித்து அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் பார்க்கவில்லை.

அக்காவுக்கு இந்தப் பேச்சே பிடிக்கவில்லை. "பனிய பாக்க இமயமலைக்குப் போகணுமா? மாசி மாசம் விடிய என்கூட மேமலைக்கு வாங்க. கொழுந்தெல்லாம் வெறச்சுக் கருகிக் கெடக்கும். ஆச தீரப் பாத்துட்டு ரெண்டு ராத்தல் பறிச்சும் போடுங்க," என்பாள். ஆனால் அவள் பயந்தது குளிருக்கு அல்ல.

சுதந்திரம் வந்த கையோடு வந்த சட்டத்தில் தோட்டத்து ஜனங்கள் பெரும்பாலோர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாகிவிட்டோம். இலங்கைப் பிரஜையாக வேண்டுமானால் இங்கேயே நிரந்தரமாகக் குடியிருப்பவன் என்று காட்டி விண்ணப்பிக்க வேண்டும். நான் ஓரிடத்தில் இருந்தால்தானே காட்டுவதற்கு? விண்ணப்பிக்கவில்லை. மச்சான் தனக்கும் அக்காவுக்கும் பிள்ளைகள் மூவருக்கும் சேர்த்து விண்ணப்பித்திருந்தார். பிறப்புச் சீட்டு, பள்ளிக்கூடக் கடிதம், தோட்டத்துப் பதிவு என்று ஒவ்வொன்றாக ஓடி ஓடிச் சேர்த்தவர். வருஷங்கள் போயும் விசாரணைக்குக் கூப்பிடவில்லை. அதை நாங்கள் 'கேசு' என்போம்.

"கேசு முடியட்டும்டா தம்பி," என்றாள் அக்கா. "அதுக்கப்புறம் எந்த மலைக்கு வேணா போங்க. அந்த ஐஸு கரஞ்சா போகப்போவுது?"

மச்சான் என் முகத்தைப் பார்த்தார். அவர் காத்திருந்திருப்பார். நான்தான், "கேசு எப்ப முடியும்னு யாருக்குத் தெரியும்? அதுக்குள்ள மச்சானுக்கு முட்டி போயிரும்," என்றேன். உண்மை வேறு. எனக்குக் கால் அரித்துக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு மாதம் ஒரே இடத்தில் இருந்தால் நான் வேறு எங்காவது போயிருப்பேன்.

கடல் தாண்டிப் போனால் திரும்பி வர அனுமதி வேண்டும். அதற்கு ஒரு விண்ணப்பப் பாரம் இருந்தது. எனக்கு எப்படியாவது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, மச்சானுக்கான பாரத்தை நானே காம்பராவில் பெட்டி மேல் வைத்து நிரப்பினேன். பெயர், வயது, தொழில் எல்லாம் சுலபம். நிரந்தர வீட்டு விலாசம் என்ற இடத்தில் பேனா நின்றது.

"நம்ம தோட்டத்த எழுது," என்றார் மச்சான்.

"லயம் நம்மளுதா மச்சான்? நாளைக்கே தொர பத்துச்சீட்டு குடுத்தா பானை சட்டியத் தூக்கிட்டு ரோட்டுல நிக்கணும். அதப் போயி நெரந்தரம்னு எழுதச் சொல்றீங்க?"

அதில் பொய் இல்லை. வேலையிலிருந்து நிறுத்தும் அந்தச் சீட்டு வந்தால் காம்பராவும் அன்றோடு சரி. மேலும், தோட்டத்தில் யாரைப் பார்த்து எந்த ஊர் என்று கேட்டாலும் பாட்டன் கப்பலேறி வந்த ஊரைத்தான் சொல்வார்கள். கல்யாணம் பேசும்போதும் அதைத்தான் சொல்வோம், கருமாதி ஓலையிலும் அதைத்தான் எழுதுவோம். மச்சானின் பாட்டனுக்கு முசிறிப் பக்கத்து ஒரு கிராமம். மச்சான் அதைப் பார்த்ததில்லை, அவருடைய அப்பாவும் பார்த்ததில்லை. இந்தியா போகிறவனுக்கு இந்தியாவில் ஊர் இருந்தால் காகிதம் சீக்கிரம் வரும் என்று ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் யாரோ சொன்னதும் என் மண்டையில் இருந்தது. அந்தக் கிராமத்தை எழுதினேன்.

"என்னா எழுதுன?"

"ஊரு பேருதான்."

"ம்," என்று நாக்கைக் கடித்துக்கொண்டு, விறகு அடுக்குவதுபோல ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார்.

பாரம் போய்ச் சில மாதங்களில், அனுமதி வருவதற்கு முன், கேஸ் விசாரணைக்குக் கடிதம் வந்தது. அக்கா அன்று சாமிப் படத்துக்குக் கற்பூரம் காட்டினாள். மச்சானோடு நானும் போனேன். அறைக்குள் அவர் மட்டும் போனார். கதவு திறந்திருந்தது. நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். அதிகாரி சிங்களத்தில் கேட்க, ஒருவர் தமிழில் சொன்னார். காகிதங்களை எல்லாம் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே வந்தார்கள். பிறகு அதிகாரி காகிதக் கட்டுக்குள்ளிருந்து ஒரு தாளை உருவினார். தூரத்திலிருந்தே என் எழுத்து எனக்குத் தெரிந்தது.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமாங்க."

"நிரந்தர வீடு இந்தியாவுலன்னு எழுதியிருக்கு. அங்க யாரு இருக்காங்க?"

"யாரும் இல்லிங்க."

"போயிருக்கீங்களா?"

"இல்லிங்க ஐயா."

"அப்ப ஏன் எழுதுனீங்க?"

மச்சான் அந்தத் தாளைப் பார்த்தார். கதவுப் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் நான் எழுந்திருப்பேனோ என்னவோ.

"எங்க ஆளுங்க எல்லாம் ஊருன்னா அதத்தான் சொல்லுவோங்க," என்றார்.

"எதுக்கு இந்தியா போகணும்?"

"ஐஸு மலைய பாக்கிறதுக்குங்க."

மொழிபெயர்த்தவர் அதைச் சொல்லத் தயங்கினார். சொன்னதும் அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். கோபப்படவில்லை. நம்பவுமில்லை. ஏதோ எழுதிக்கொண்டார்.

எழுதியது நான் என்று உள்ளே போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் உன் பெயர் என்ன, உன் காகிதம் எங்கே என்று கேட்பார்கள். என்னிடம் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. பிடித்துப் படகில் ஏற்றிவிடுவார்கள் என்ற பேச்சு அப்போது எங்கும் இருந்தது. நான் பெஞ்சிலேயே இருந்தேன். சொல்லியிருந்தால் எதுவும் மாறியிருக்குமா என்று தெரியாது. சொல்லவில்லை என்பது மட்டும் தெரியும்.

இல்லை என்று பதில் வந்தது. நிரந்தரமாக இங்கே குடியிருக்கும் எண்ணம் இல்லாதவர் என்று காரணம். ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே தாள். நான்தான் அதை வாசித்துச் சொன்னேன். அக்கா சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் நிறுத்தாமல் புடைத்து முடித்தாள். பயணம் அன்றோடு விழுந்துபோனது. இப்போது போனால் திரும்ப முடியாது. மச்சான் மறுநாள் காலை வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு அடுப்புக்கு முன்னால் நின்றார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் அந்தத் தோட்டத்திலேயே இருந்திருக்கலாம். கேட்காததனால் ஒரு வாரத்தில் திருகோணமலைக்குப் போய்விட்டேன்.

பிறகு வருஷத்துக்கு ஒருமுறை வருவேன். மூத்த பையன் நன்றாகப் படித்தான். ஆனால் பிரஜை இல்லாதவனுக்கு எந்த அரசாங்க வேலைக்கும் வழியில்லை. அவனும் ஸ்டோருக்கே போனான். அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு தடவை நான் போயிருந்தபோது மச்சான் ஒரு பாரத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். இந்தியப் பிரஜையாகப் பதிந்துகொண்டு, குடும்பத்தோடு அங்கேயே போய்விடுவதற்கான பாரம். கண்டியிலிருந்த இந்தியத் தூதரக அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும்.

"எழுது மாப்ளே."

"ஸ்கூல் வாத்தியார எழுதச் சொல்லுங்க மச்சான். நான் வேணாம்."

"நீ எழுதுனாத்தான் சீக்கிரம் வரும்," என்றார். குத்திச் சொன்னாரா, சும்மா சொன்னாரா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

அக்கா அடுப்படியிலிருந்து, "எழுதுடா. நீ அன்னிக்கு எழுதுன ஊருக்கே போய்ச் சேர்றோம்," என்றாள். அவள் குத்தித்தான் சொன்னாள்.

எழுதினேன். அதே கிராமம், அதே எழுத்துகள். இந்தத் தடவை ஒவ்வொரு இடத்தையும் அவருக்கு வாசித்துச் சொல்லிவிட்டு எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டு, மை காய ஊதினார்.

"முசிறியிலருந்து அந்த ஐஸு மலை கிட்டவா?"

"தூரந்தான் மச்சான். ஆனா கடல் கெடையாது. ரயில்லயே போயிரலாம்."

"அங்க போய்ச் சேந்த பொறவு ஏழு நாள் நடைதானே?"

அந்தக் கொப்பி எங்கே போனதென்றுகூட எனக்குத் தெரியாது. அவர் அந்த ஏழு நாளை மறக்கவில்லை.

"பன்னெண்டு நாள் மச்சான்," என்றேன். "பண்டாரம் அன்னிக்கே பன்னெண்டுன்னுதான் சொன்னாரு. நாந்தான் ஏழுன்னு எழுதினேன்."

அவர் பாரத்தை நாலாக மடித்தார். மறுபடி பிரித்து, நான் எழுதியதை ஒருமுறை பார்த்துவிட்டு மடித்தார்.

"பன்னெண்டா? அம்புட்டு லீவு ஏது?" என்றார். "அன்னிக்குச் சொல்லியிருந்தா நான் கேசு முடியட்டும்னு இருந்திருப்பேனே."