பத்மா எடுத்த ஜப்பான்

காலையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது பத்மாவின் மகன் கார்த்திக் போன் செய்தான். "ஆன்ட்டி, அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க" என்றான். அடுப்பை அணைத்தேன். என்ன நினைத்தேனோ, மறுபடி ஏற்றினேன். மறுபடி அணைத்தேன். பிறகு ஷூவை மாட்டிக்கொண்டு, நானும் பத்மாவும் தினமும் நடக்கும் பூங்காவுக்குப் போய் அதே பாதையைத் தனியாகச் சுற்றினேன். வீட்டுக்கு வந்தால் உட்கார முடியவில்லை, திரும்பவும் கிளம்பினேன். இதை எழுதும்போதும் எழுந்து எழுந்து ஜன்னலுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.

கலிபோர்னியாவின் குபெர்டினோவில் நம் தமிழர்களின் வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு வருகிற உங்களுக்குப் பத்மாவை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தஞ்சாவூர்க்காரர், சென்னையில் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, மகன் கார்த்திக்கோடு இருக்க இங்கே வந்தவர். முட்டைகூடத் தொடாத சைவம். ஊருக்குப் போகும்போதெல்லாம் வழியில் டோக்கியோவில் இறங்கிவிடுவார். சில நாள் தனியாகச் சுற்றிப் படம் எடுத்த பிறகுதான் சென்னைக்கு விமானம் ஏறுவார். திரும்பி வந்ததும் அந்தப் படங்களை நம் கூட்டத்தில் பெரிய திரையில் போடுவார். ஒவ்வொரு படத்துக்கும் அடியில் ஒரு வரி எழுதுவது என் வேலை.

அந்த வேலையில் நான் கறாரானவள். கான்வென்டில் கன்னியாஸ்திரிகளிடம் படித்த பழக்கம். படத்தில் தெரிவதை மட்டுமே எழுத வேண்டும், 'அழகிய', 'கண்கொள்ளா' எல்லாம் கூடாது என்பேன். "சரிங்க, மதர் சுப்பீரியர்" என்பார் பத்மா. கடைசிவரை அதுதான் அவர் எனக்கு வைத்த பெயர்.

ஒருமுறை ஃபூஜி மலை என்று ஒரு படம் கொண்டுவந்தார். மலையே இல்லை. மேகத்தைப் பார்த்தபடி ஒரு கூட்டம், மழைக்கோட்டுகளோடு, முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தது.

"மலை எங்கே?"

"பின்னாடி இருக்கு. வரல."

"அப்ப மலை வர்ற வரைக்கும் காத்திருக்கக் கூடாதா?"

"மலை நாளைக்கும் அங்கயேதான் இருக்கும் மதர். இவங்க இருப்பாங்களா?"

'மலைக்குக் காத்திருப்பவர்கள்' என்று எழுதினேன். "காத்திருக்காங்கன்னு படத்துல எங்க தெரியுது?" என்று என் சட்டத்தை என் மேலேயே திருப்பினார்.

என் கணவர் காலமானபோது எல்லோரும் என்னிடம் தணிந்த குரலில் பேசினார்கள். பத்மா வாசலில் காரை நிறுத்திவிட்டு, "ஏறுங்க" என்று மட்டும் சொன்னார். பக்கத்து ஊரான சான் ஹோசேயின் ஜப்பான் டவுனுக்குக் கூட்டிப்போனார். அங்கே ஓர் உணவகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் நூடுல்ஸ், மீன் வைத்த சோறு, வறுத்த இறால் எல்லாம் கிண்ணங்களில் பளபளவென்று இருந்தன. அத்தனையும் பிளாஸ்டிக். உள்ளே என்ன கிடைக்கும் என்று காட்ட ஜப்பானியர்கள் செய்துவைக்கும் மாதிரிகள். டோக்கியோவில் தெருவுக்குத் தெரு உண்டாம்.

"என்னால சாப்பிட முடியாத ஊரு அது. அதான் கண்ணாலயே சாப்பிடறேன்" என்றார்.

கண்ணாடியில் தன் உருவம் விழாமல் இருக்க எப்போதும் ஒரு கறுப்புச் சால்வை வைத்திருப்பார். அன்று அதன் இரு முனைகளையும் என் கையில் கொடுத்து, தன் முதுகுக்குப் பின்னால் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். புடவையும் ஸ்வெட்டருமாக நடைபாதையில் நான் திரை பிடித்து நின்றேன். போகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள்.

"அசையாதீங்க மதர். அச்சு அசலா செஞ்சிருக்கான் பாருங்க. ஆவி மட்டும்தான் அவனால கொண்டுவர முடியல."

என் தோள்கள் குலுங்கின. பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தேன்.

அங்கும் டோக்கியோவிலும் எடுத்த அந்த உணவுப் படங்கள் நம் திரையில் வந்தபோது நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். "ஊர்ல பூண்டு கூட சேக்காதவங்க, ஜப்பான் போனா மீன் கேக்குதோ?" என்று ஒருவர் கேட்டார். யார் என்று எழுத மாட்டேன், அவருக்கே தெரியும். அதன் பிறகு சில வீடுகளில் பூஜைக்கு எல்லோரையும் கூப்பிட்டுப் பத்மாவை மறந்துபோனார்கள். எனக்குக் கொதித்தது.

"பிளாஸ்டிக்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்!"

"சொல்லிட்டா அப்புறம் யாரு பாப்பாங்க? அவங்களுக்கு வாய் ஊறுது. ஊறட்டும் விடுங்க."

ஆனால் பூஜை நாட்களில் அவர் பூங்காவில் வேகமாக நடப்பார். என்னால் ஈடுகொடுக்க முடியாது.

நினைவுக் கூட்டத்தில் அவர் படங்களைப் போடுவதற்கு முன் கார்த்திக் என்னிடம் வந்தான். "ஆன்ட்டி, food pictures எல்லாம் எடுத்துடலாமா? மறுபடி பேசுவாங்க." ஒன்றையும் எடுக்கக் கூடாது என்றேன். கடைசியாகப் போய்வந்த பயணத்தின் படங்களையும் சேர்க்கச் சொன்னேன். அவற்றை நான் பார்த்திருக்கவில்லை; வியாழக்கிழமை கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தார், அதற்குள் போய்விட்டார். பத்மாவின் பெயருக்கு ஒட்டியிருந்ததை அன்றே துடைத்துவிட வேண்டும் என்ற அவசரம் எனக்கு.

திரையில் படங்கள் ஓடின. வெள்ளைக் கையுறை போட்ட டாக்ஸி ஓட்டுநர், ரயில் மேடையில் கோடு பிசகாமல் நின்ற வரிசை, மழையில் குடைகள். உணவுப் படங்கள் தொடங்கியதும் எழுந்து மைக்கை வாங்கினேன். "இவை எல்லாமே பிளாஸ்டிக். எனக்குத் தெரியும், திரை பிடித்தவள் நான்" என்றேன். எனக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்த படம் வந்தது. ஒரு மரப்பலகை மேல் ஒரு கிண்ணம். நூடுல்ஸ், மேலே ஒரு துண்டு மீன், அதில் பாதியைக் காணோம். கிண்ணத்திலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. பின்னால் ஜன்னல் கண்ணாடி. அதில் சால்வை இல்லாமல், ஒரு கையில் கேமராவும் மறு கையில் குச்சிகளுமாகப் பத்மா, கன்னம் உப்ப, சிரித்துக்கொண்டு. அத்தனை பயணப் படங்களிலும் அவர் முகம் இருப்பது இந்த ஒன்றில்தான்.

முன்வரிசையிலிருந்து, அன்று மீனைப் பற்றிக் கேட்ட அதே குரல் கேட்டது: "அப்ப இது என்னவாம்?"

மைக் என் கையில்தான் இருந்தது. பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

"இது சாப்பாடு" என்றேன். "பசித்திருக்கும். சாப்பிட்டிருக்கிறார்."

யாரோ பின்னால் சிரித்தார்கள். கார்த்திக்தான். அழுதுகொண்டே சிரித்தான்.

அன்றிலிருந்து வீட்டுக்குள் நடந்துகொண்டே இருக்கிறேன். எத்தனையாவது பயணத்தில் தொடங்கினார்? என்னிடம் ஏன் சொல்லவில்லை? அல்லது அந்த வியாழக்கிழமை இந்தப் படத்தை என் முன்னால் வைத்து, "இதுக்கு என்ன எழுதுவீங்க, மதர்?" என்று கேட்டு என் முகத்தைப் பார்ப்பதாக இருந்தாரா? சமையலறையிலிருந்து ஜன்னல், ஜன்னலிலிருந்து வாசல். பதில் சொல்ல வேண்டியவர் இல்லை.

கார்த்திக் அந்தக் கறுப்புச் சால்வையை மடித்துக் கொண்டுவந்தான், நினைவாக வைத்துக்கொள்ளச் சொல்லி. வேண்டாம் என்றேன். அந்தப் படத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். அது என் சாப்பாட்டு மேஜையில், பத்மா வந்தால் உட்காரும் நாற்காலிக்கு எதிரே இருக்கிறது. அடியில் எழுத எத்தனையோ வரிகள் யோசித்து அடித்தேன். கடைசியில் படத்தில் தெரிவதை மட்டும் எழுதினேன்.

'பத்மா சாப்பிடுகிறார்.'