செவ்வாப்பேட்டை அறைக்கு வழி

குடியை விட்ட ஒருவனை மறுபடியும் குடிக்க வைத்தவன் நான். ஊற்றிக் கொடுக்கவில்லை. ஒரே ஒரு பேச்சு பேசினேன். இத்தனை நாள் யாரிடமும் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன், கேள்.

நானும் குடிகாரன்தான். கும்மிடிப்பூண்டியில் கம்பி தயாரிக்கும் ஆலை ஒன்றில் யார்டு சூப்பர்வைசர். திருவள்ளூர் மணவாள நகரில் வீடு. மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு தாய்வீடு போய் இரண்டு வருடமாகிறது. போன வருடம் ஒருநாள் கை நடுங்கி, கொதிக்கும் தேநீரைக் காலில் கொட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப்போட்ட நர்ஸம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, சீட்டின் பின்பக்கம் இரண்டு இடங்களை எழுதிக் கொடுத்தார். குடியை விட நினைப்பவர்கள் வாரம் ஒருமுறை கூடிப் பேசும் இடங்கள். ஒன்று திருவள்ளூரிலேயே, மற்றது செவ்வாப்பேட்டையில்.

திருவள்ளூருக்குப் போவேனா? பார்க்கிறவன் என்ன நினைப்பான்! சாக்கடையோரம் விழுந்து கிடந்தபோது வராத வெட்கம், குடியை விடப் போகும்போது வந்தது... ரயிலேறிச் செவ்வாப்பேட்டையில் இறங்கினேன்.

டியூஷன் சென்டர் ஒன்றின் மாடி. பெயர்ப்பலகை கிடையாது. இரண்டு முறை கடந்து போய்விட்டு, மூன்றாம் முறை படியேறினேன். பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அதில் ஒருவன் தாவீது. எங்கள் ஆலையின் கிரேன் ஆபரேட்டர்!

அவனும் என்னைப் போலத்தான் யோசித்திருக்கிறான். தெரிந்தவர் கண்ணில் படக்கூடாதென்று கும்மிடிப்பூண்டியிலிருந்து இரண்டு ரயில் மாறி வந்திருக்கிறான். ஒளிந்துகொள்ள இருவரும் ஒரே இடத்துக்கு வந்திருந்தோம். அவனே எழுந்து வந்து தேநீர் கொடுத்தான்.

"இங்க பேசறது இந்த ரூமத் தாண்டிப் போவாதுண்ணா. பயப்படாதீங்க" என்றான். அவன் குடியை விட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது.

நான்கு ஞாயிறு ஒழுங்காகப் போனேன். அடுத்து வந்த புதன்கிழமை குடித்தேன். ஏன் என்று கேட்காதே. எங்களுக்குக் காரணமா கிடைக்காது?

மறுநாள் காலை, கம்பிக்கட்டுகளை லாரியில் ஏற்றும் யார்டில் நின்றேன். அந்த இரைச்சலில் பேச்சு எடுபடாது. மேலே கிரேனில் இருப்பவன், கீழே நிற்பவனின் கையை மட்டும் நம்பி வேலை செய்வான். கையை அசையாமல் நீட்டினால் நிறுத்து. கீழ்நோக்கி அசைத்தால் இறக்கு. நிறுத்தச் சொல்ல நீட்டிய என் கை நடுங்கிக் கீழே ஆடியது. தாவீது இறக்கிவிட்டான். கம்பிக்கட்டு லாரியின் முன்பக்கத்தை நசுக்கியது. டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார், பிழைத்தார்.

மேனேஜர் எங்கள் இருவரையும் அறைக்கு அழைத்தார். வாடை வந்துவிடுமோ என்று மீசையைத் தடவுவது போல வாயை மூடிக்கொண்டு நின்றேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு குறுகுறுக்கவில்லை, தப்பிக்க வழி தேடியது.

"சார், தாவீது குடிய விடறதுக்கு எங்கியோ மீட்டிங் போய்க்கினு இருக்கான். விட்டானா இல்லியான்னு நமக்கு இன்னா சார் தெரியும்?"

மேனேஜர் அவன் பக்கம் திரும்பினார். "போறியா?"

"போறேன் சார்."

"அது இவருக்கு எப்படித் தெரியும்?"

தாவீது என்னை ஒருமுறை பார்த்தான். அவன் வாயைத் திறந்திருந்தால் அன்றைக்கே என் கதை முடிந்திருக்கும்! "தெரியல சார்" என்றான்.

அன்றே அவனைக் கிரேனிலிருந்து இறக்கினார்கள். அந்த மாதமே வேலையும் போயிற்று. அவனையோ என்னையோ ஊதிக் காட்டச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

அதன்பின் நான் குடிக்கவில்லை. பயத்தில் விட்டேனா, வெட்கத்தில் விட்டேனா... எனக்கே புரியவில்லை. ஞாயிறுதோறும் செவ்வாப்பேட்டை போகிறேன். தாவீது வருவதில்லை. என் முறை வரும்போது மனைவியைப் பற்றிச் சொல்கிறேன், மகளைப் பற்றிச் சொல்கிறேன், அழக்கூட அழுகிறேன். இதை மட்டும் சொன்னதில்லை.

போன மாதம் ஷிப்டு முடிந்து வெளியே வந்தபோது, ஆலை வாசலில் தாவீதின் மனைவி நின்றிருந்தாள்.

"அண்ணா, அவரு உங்களப் பத்தி நல்லவிதமாத்தான் சொல்லுவாரு. வேல போனதுலேர்ந்து திரும்பவும் குடிக்கிறாருண்ணா. முன்ன ஞாயித்துக்கெழமையானா எங்கியோ போய்க்கினு இருந்தாரு, அப்ப நல்லா இருந்தாரு. எங்கன்னு எங்கிட்டகூட சொன்னதில்ல. இப்ப கேட்டா வாயே தெறக்கமாட்றாரு. உங்களுக்கு அந்த எடம் தெரியுமாண்ணா? நானே இட்டுக்கினு போய் உடறேன்."

ஒரு ஊர்ப்பெயர். அவ்வளவுதான் அவள் கேட்டது. சொன்னால் அவன் வருவான், எனக்கெதிரே உட்காருவான். ஏன் மறுபடியும் குடித்தாய் என்று அவனைக் கேட்பார்கள்... எனக்கு மிச்சமிருப்பது அந்த அறை ஒன்றுதான். வீட்டுக்குப் போனால் பேச நாதியில்லை. அங்கேதான் என்னை ஒரு மனிதனாக மதித்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அதையும் விட்டுவிட்டு நான் எங்கே போவேன்?

"தெரியலம்மா" என்றேன்.

"கொஞ்சம் விசாரிச்சிப் பாருங்கண்ணா" என்று தன் நம்பரை என் போனில் போட்டுக் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு ஓடினாள். நம்பர் இருக்கிறது. இரண்டு முறை எடுத்துப் பார்த்தேன், அழுத்தவில்லை.

நேற்று ஞாயிறு. நான் குடியை விட்டு ஒரு வருடம் ஆகிறதென்று எல்லோரும் கைதட்டினார்கள். எழுந்து நின்று கும்பிட்டேன்.