கடைசி டிஸ்க்கை முதலில் போடவும்

உயிரோடு இருக்கும் மனிதரைச் சாகடித்தவள் என்று ஆரியசாலையில் செண்பகவல்லிக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை அவளுக்கு வாங்கித் தந்தவர் அருமைநாயகம். அவருக்குப் பதிலுக்கு என்ன செய்வது என்று எட்டு மாதம் யோசித்தவள், 2002 புரட்டாசியில் ஒரு முடிவுக்கு வந்தாள்.

அருமைநாயகத்தின் டிடிபி சென்டரில் அவள் ஆறு வருஷம் தமிழ் டைப் அடித்தாள். கல்யாணப் பத்திரிகை, கடைத் திறப்பு நோட்டீஸ், வியாபாரிகள் சங்கத்தின் தமிழ்க் காலண்டர் எல்லாம் அவள் கைவேலை. திருவனந்தபுரத்தில் மலையாளம் அடிக்க ஆளுக்குப் பஞ்சமில்லை. தமிழ் அடிக்க அந்தத் தெருவில் அவள்தான் இருந்தாள்.

மாசி மாதம் மிளகு வியாபாரி மகாராஜாவின் அண்ணன் காலமானார். பதினாறாம் நாள் பத்திரிகைக்கு வீட்டார் கொடுத்தது ஒரே ஒரு படம். அண்ணனும் தம்பியும் தோளில் கைபோட்டு நிற்பது. இருவருக்கும் ஒரே மூக்கு, ஒரே மீசை. எந்த முகத்தை வெட்டி எடுக்க வேண்டும் என்று அருமைநாயகமே பென்சிலால் வட்டம் போட்டுக் கொடுத்தார். புரூஃப் எடுத்ததும் பார்த்து, அதிலும் படத்தைச் சுற்றிப் பென்சில் வட்டம் போட்டு, "சரி, அச்சுக்குப் போகலாம்" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். ஐந்நூறு பத்திரிகை அச்சானது. மகாராஜா பிரித்துப் பார்த்தபோது 'சிவலோக பதவி அடைந்தார்' என்ற வரிக்கு மேல் அவருடைய முகமே சிரித்துக்கொண்டிருந்தது.

மகாராஜா கடைக்கு வந்து நின்ற வேகத்தில் அருமைநாயகத்துக்கு நாக்கு புரண்டது.

"எனக்கு என்ன தெரியும் அண்ணாச்சி? இந்தப் பிள்ளைதான் படம் வெட்டுனது. கண்ணு சரியில்ல. கண்ணாடியை மாத்து, மாத்துன்னு எத்தனை மட்டம் சொல்லியாச்சு."

கடையில் ஏழெட்டு வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள். செண்பகவல்லி வாயைத் திறப்பதற்குள் மகாராஜா திரும்பிப் போய்விட்டார். அன்று சாயங்காலமே அவளுக்கு வேலை போயிற்று. வேறு இடத்தில் சேரவாவது ஒரு நன்னடத்தைச் சான்றிதழ் வேண்டும் என்று கேட்டாள். அருமைநாயகம் ஒரு பிளாப்பியை நீட்டினார்.

"பிரிண்டர்ல மை தீர்ந்துபோச்சு செண்பகம். இதுல போட்டிருக்கேன். வேற எங்கயாவது எடுத்துக்கோ."

அவள் பிளாப்பியை வாங்கிக்கொண்டாள். வெளியே வரும்போது புரூஃப் தாள்கள் குத்தி வைத்திருக்கும் கம்பியிலிருந்து ஒரு தாளையும் உருவிக்கொண்டாள். அவர் கையெழுத்துப் போட்ட அதே தாள்.

அதை அவள் யாரிடமும் காட்டவில்லை. தெருவில் காட்டினால் இரண்டு பேர் பார்ப்பார்கள், அதில் ஒருவர் நம்புவார். மொத்த ஆரியசாலையும் ஒரே அறையில் உட்காரும் நாள் விஜயதசமி. அன்று காலை பத்து மணிக்கு வியாபாரிகள் சங்கத்தில் அடுத்த வருஷக் காலண்டர் வேலையை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்வார்கள். சங்கத்தில் இல்லாதவர்களில், மாதிரித் தாள் கொண்டு வருகிறவருக்கு மட்டும் உள்ளே நாற்காலி உண்டு, பேசவும் இடம் உண்டு. சங்கத்தின் செயலாளர் மகாராஜா.

செண்பகவல்லிக்கு அந்த நாற்காலி வேண்டும். நாற்காலிக்கு மாதிரித் தாள் வேண்டும். தாளுக்குத் தமிழ் எழுத்துருவும் காலண்டர் கட்டம் போடும் மென்பொருளும் வேண்டும். வலியசாலை வீட்டில் அவளிடம் இருந்ததோ கணவன் சுப்புவின் அலுவலகம் கழித்துவிட்டு ஏலம் போட்ட ஒரு பழைய 486 கம்ப்யூட்டர். கூடவே கரகரவென்று அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் ஒன்று.

சாலைக் கடைவீதியில் அருமைநாயகம் எதிரே வந்தார்.

"காலண்டருக்கு மாதிரி குடுக்கப் போறியாமே? அந்த டப்பாவிலயா?" என்றார். "சந்தனம் குங்குமம் வச்சு மூலையில வையி. புண்ணியமாவது கிடைக்கும்."

அவள் விலகி நடந்தாள். ஆனால் சொல்லுக்குச் சொல் மனசில் பதித்து வைத்தாள்.

கிள்ளிப்பாலத்தில் சுஜா என்ற பெண் நடத்தும் இண்டர்நெட் கடை இருந்தது. வெளிநாட்டுத் தமிழர் ஒருவர் இலவசமாகப் போட்டிருந்த மென்பொருளை அங்கே இறக்குவதற்கு இரண்டரை மணி நேரம் ஆயிற்று. ஒரு பிளாப்பியில் கொள்ளாத அளவு. சுஜா அதைச் சுருக்கி, ஆறு துண்டாக்கி, ஆறு பிளாப்பியில் ஏற்றிக் கொடுத்தாள்.

"வீட்டில் போயி சேர்த்தா மதி சேச்சி, அது போதும். தானே விரியும்."

தானே விரியவில்லை. சுருக்கியதை விரிப்பதற்குத் தனியாக ஒரு புரோகிராம் வேண்டுமாம். மறுநாள் மறுபடி கிள்ளிப்பாலம். சுஜா அந்தப் புரோகிராமைக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் அந்தப் புரோகிராமே சுருக்கித்தான் வைக்கப்பட்டிருந்தது. பூட்டுக்குள் சாவியை வைத்துப் பூட்டிய மகராசன் எவன் என்று செண்பகவல்லி திரையைப் பார்த்துக் கேட்டாள். மூன்றாம் நாள்தான் தானே திறந்துகொள்ளும் வகையில் ஒன்று கிடைத்தது.

அதை ஏற்றி, முதல் பிளாப்பியைப் போட்டாள். கடைசி டிஸ்க்கைப் போடு என்றது கம்ப்யூட்டர். ஏதோ கோளாறு என்று மறுபடி முதலாவதைப் போட்டாள். கடைசி டிஸ்க்கைப் போடு என்றது. இரண்டாவதைப் போட்டாள், மூன்றாவதைப் போட்டாள். அதே பதில்.

"கேக்கதைக் குடேன்," என்றான் சுப்பு, பின்னாலிருந்து.

"முதல்ல முதலாவதுதானே வரணும்? படியில ஏறுற யாராவது மொட்டை மாடியிலயிருந்து ஏறுவானா?"

ஒரு மணி நேரம் சண்டை போட்டுவிட்டு ஆறாவதைப் போட்டாள். கம்ப்யூட்டர் திருப்தியாக உறுமியது. உள்ளே என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல் கடைசி டிஸ்க்கில்தான் இருக்குமாம். அதைப் பார்த்துவிட்டு ஒன்று கேட்டது, இரண்டு கேட்டது, மூன்று கேட்டது. நான்காவதில் நின்றது. அந்த பிளாப்பியைப் படிக்க முடியவில்லை என்றது. கால் மணி நேரமாக விரித்ததை எல்லாம் அழித்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல் வெறும் திரையைக் காட்டியது.

சுஜாவின் கடையில் இறக்கியதை எல்லாம் சாயங்காலம் துடைத்துவிடுவார்கள். ஒரு துண்டை மட்டும் வாங்கிவந்து ஒட்டவும் முடியாது. முதலிலிருந்து இன்னொரு இரண்டரை மணி நேரம், பழைய பிளாப்பிகளை எல்லாம் சுஜாவிடமே கொடுத்துவிட்டுப் புதிதாக ஆறு பிளாப்பி. அவற்றோடு செண்பகவல்லி வீட்டுக்குள் நுழைந்தபோது அஷ்டமி சாயங்காலம். ஊரில் பூஜைவைப்பு. புத்தகமும் தொழில் சாமான்களும் பூஜையில் ஏறினால் விஜயதசமி காலையில் எடுக்கிறவரை தொடக்கூடாது. படிக்கக்கூடாது, எழுதக்கூடாது.

விளக்கு ஏற்ற இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அதற்குள் விரித்துவிடலாம் என்று பிளாப்பிகளை மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். திரும்பி வந்தபோது கம்ப்யூட்டர் மேல் சுப்புவின் பட்டு வேட்டி போர்த்தியிருந்தது. முன்னால் தாம்பாளத்தில் ஆறு பிளாப்பியும் வரிசையாகச் சந்தனப் பொட்டோடு இருந்தன.

"என்ன காரியம் பண்ணி வச்சிருக்கிய?"

"நேரமாகும்னு நானே பூஜை வச்சிட்டேன். ஆறுக்கும் பொட்டு வச்சிருக்கேன். ஒண்ணையும் விடல."

"இனி?"

"இனி தொடப்பிடாது. சரஸ்வதி முகம் திருப்பினா பிறகு காலண்டர் எங்க வரும்?"

அப்போது அவளுக்குச் சுப்புவின் மேலும் ஒரு கணக்குத் தொடங்கியது.

நவமி முழுக்க அவள் அந்த அறையில் நடந்தாள். பட்டு வேட்டியைப் போர்த்திக்கொண்டு கம்ப்யூட்டர் சம்பந்தி வீட்டுக்காரர் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தது. ஒரு முறை வேட்டியின் ஓரத்தைத் தூக்கினாள். சாமி படத்தைப் பார்த்துவிட்டுக் கீழே விட்டாள். எழுதக்கூடாது, சரி. நினைக்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. சங்கத்து அறையில் என்ன பேச வேண்டும், எந்த வார்த்தைக்குப் பிறகு தாளை எடுக்க வேண்டும், அருமைநாயகம் எந்த நாற்காலியில் இருப்பார் என்பது வரை நினைத்து முடித்தாள்.

விஜயதசமி காலை ஆறு மணிக்குப் பூஜை எடுத்தார்கள். கற்பூரம் அணைவதற்குள் வேட்டியை உருவிவிட்டு உட்கார்ந்தாள். கடைசி டிஸ்க், முதல் டிஸ்க், இரண்டு, மூன்று. எல்லாம் தடையில்லாமல் போயிற்று. நான்காவதைப் போட்டதும் அரத்தால் தகரத்தை ராவுவது போல ஒரு சத்தம் வந்தது.

வெளியே எடுத்துப் பார்த்தாள். மற்ற ஐந்துக்கும் பொட்டு லேபிளில் இருந்தது. இதற்கு மட்டும் சுப்பு, வட்டை மூடியிருக்கும் நகரும் உலோகத் தகட்டின் மேலேயே தாராளமாக வைத்திருந்தான். தகட்டை விரலால் நகர்த்தினாள். சந்தனம் இடுக்கில் வழிந்து உள்ளே காய்ந்திருந்தது.

"சந்தனம் நல்லதுதானே," என்றான் சுப்பு.

"கத்தி எடுத்துட்டு வாங்க."

அவன் ஒரு அடி பின்னால் நகர்ந்துவிட்டுத்தான் எடுத்துவந்தான்.

பிளாப்பியின் பிளாஸ்டிக் கூட்டைக் கத்தியால் நெம்பிப் பிளந்தாள். உள்ளே பப்படம் போல மெல்லிய கறுப்பு வட்டு. ஈரப் பஞ்சால் சந்தனத்தை ஒற்றி எடுத்து விசிறியடியில் காயவைத்தாள். இப்போது அதை வைக்க ஒரு சுத்தமான கூடு வேண்டும். வீட்டில் வேறு பிளாப்பி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அருமைநாயகம் கொடுத்தது. மேலே 'நன்னடத்தை' என்று எழுதியிருந்தது.

அதையும் பிளந்தாள். நன்னடத்தையை எடுத்துக் குப்பையில் போட்டாள். அந்தக் கூட்டுக்குள் தன் வட்டை வைத்து, ஓரத்தை டேப்பால் ஒட்டிப் போட்டாள். கம்ப்யூட்டர் கொஞ்சம் திணறியது, இருமியது, பிறகு படித்தது. ஐந்தாவதையும் ஆறாவதையும் கேட்டு வாங்கிக்கொண்டு, கடைசியில் தன் ஹார்ட் டிஸ்க்கில் இடமில்லை என்றது.

மணி எட்டேகால். என்னென்ன இருக்கிறது என்று பார்த்தாள். சுப்பு ஆசையாக வைத்திருந்த சீட்டாட்டம், சதுரங்கம், திரையில் மீன் நீந்தும் படம். அவன் பார்க்கப் பார்க்க ஒவ்வொன்றாக அழித்தாள்.

"மீனுமா?"

"மீன்தான் முதல்ல."

மறுபடி ஆறு பிளாப்பியும் போட்டு எடுத்தாள். இந்த முறை விரிந்தது. ஒன்பதரைக்கு டாட் மேட்ரிக்ஸ் கரகரத்து, ஜனவரி மாதத்தைத் தமிழ்த் தேதியும் மலையாளக் கொல்லம் ஆண்டும் சேர்த்துக் கட்டங்கட்டமாகத் துப்பியது. கறுப்பு கொஞ்சம் மங்கல்தான். அவள் அதைச் சுருட்டிக்கொண்டு ஓடினாள்.

சங்கத்து அறையில் முப்பது பேர் இருந்தார்கள். அருமைநாயகம் அவள் நினைத்த நாற்காலியில்தான் இருந்தார். அவருடைய மாதிரி பளபளவென்று லேசர் பிரிண்டரில் வந்திருந்தது. செண்பகவல்லி அதைப் பார்த்ததும் அடையாளம் கண்டாள். போன வருஷம் அவள் போட்ட அதே பக்கம்.

மகாராஜா அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னை ஒருதடவை அனுப்பி வச்சது போதாதா பிள்ளை? இப்போ தேதி குறிக்க வந்தியா?"

அறை முழுக்கச் சிரித்தது. இந்தச் சிரிப்பையும் அவள் நவமியன்றே நினைத்துப் பார்த்திருந்தாள்.

"தேதி குறிச்சது நான் இல்ல அண்ணாச்சி," என்று தாளை மேசையில் விரித்தாள். "இது புரூஃப். படத்தைச் சுத்திப் பென்சில் வட்டம் இருக்கு. கீழ கையெழுத்து இருக்கு. யார் கண்ணு சரியில்லன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க."

மகாராஜா கண்ணாடியை மாட்டினார். நெடுநேரம் தன்னுடைய படத்தையே பார்த்தார். சிரித்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"ஓய் அருமைநாயகம், இது யாரு கையெழுத்து?"

"என்னோடதுதான் அண்ணாச்சி. ஆனா—"

"ஆனா வேண்டாம். எட்டு மாசமா நான் இந்தப் பிள்ளையைப் பாத்தா எதிர்ப்பக்கம் போய் நடந்தேன்." இரண்டு மாதிரியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். "காலண்டர் இவ போடட்டும். தெருவுல லேசர் உம்மகிட்டதான் இருக்கு. இவ கொண்டுவாரதை நல்ல தாள்ல எடுத்துக் குடும். ஒழுங்கா."

பன்னிரண்டு மாதத்தையும் போட்டு முடிக்க அவளுக்கு மூன்று வாரம் ஆயிற்று. மாதத்துக்கு ஒரு பிளாப்பியாகத் தனித்தனியே கொண்டுபோயிருந்தால் அருமைநாயகத்துக்கு வேலை எளிது. செண்பகவல்லி எல்லாவற்றையும் ஒன்றாகச் சுருக்கி, ஐந்து துண்டாக்கி, ஐந்து பிளாப்பியில் ஏற்றினாள். நான்கைக் கையில் வைத்துக்கொண்டாள். ஐந்தாவதைக் கைப்பையின் உள்ளறையில் போட்டாள்.

கடையில் கூட்டமாக இருக்கும் நேரம் பார்த்துப் போனாள். ஆறு வருஷத்தில் ஒரு நாளும் உட்காராத வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் இடத்தில் இருந்த ஷிஜா என்ற புதுப்பெண் பிளாப்பிக்குக் கை நீட்டினாள்.

"நீ வேண்டாம் மோளே," என்றாள் செண்பகவல்லி. "அண்ணாச்சியே எடுக்கட்டும். எதாவது ஆச்சுன்னா பழி உன் மேல விழும்."

அருமைநாயகம் காதில் விழாதது போல் வந்து உட்கார்ந்தார். முதலாவதைப் போட்டார். கடைசி டிஸ்க்கைப் போடு என்றது. எடுத்து, ஊதி, மறுபடி போட்டார். கடைசி டிஸ்க்கைப் போடு என்றது. நான்காவதைப் போட்டார். அதே பதில். பின்னால் நின்ற ஜவுளிக்கடைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். அருமைநாயகத்தின் கழுத்தில் வியர்வை இறங்கியது.

"மெஷின் பழசோ அண்ணாச்சி? சந்தனம் வச்சுப் பாருங்க."

அவர் இரண்டாவதை எடுத்துப் போட்டார். அவள் ஒரு சாயா வரவழைத்தாள். ஆற்றி, கடைசிச் சொட்டு வரை குடித்தாள். அதற்குள் அவர் நான்கையும் இரண்டு சுற்று போட்டுப் பார்த்துவிட்டார்.

"வேற பிளாப்பி எதாவது இருக்கா?" என்றார், குரல் இறங்கி.

"கேட்டாத்தானே தெரியும்."

பையைத் திறந்து ஐந்தாவதை எடுத்துக் கொடுத்தாள். ஒரு ஓரத்தில் டேப் ஒட்டியிருந்த பழைய கூடு. 'நன்னடத்தை' என்ற எழுத்தை அவள் அழிக்கவில்லை. அவர் அதைப் படித்தார். பிறகு உள்ளே தள்ளினார்.

அரை மணி நேரத்தில் ஜனவரி வெளியே வந்தது. அவர் புரூஃபை அவள் பக்கம் நகர்த்தி, பேனாவையும் வைத்தார்.

"பாத்துக் கையெழுத்துப் போட்டிரு செண்பகம்."

அவள் பேனாவை எடுத்து அவர் பக்கமே திருப்பி வைத்தாள்.

"முதல்ல நீங்க போடுங்க."

வாடிக்கையாளர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அருமைநாயகம் கையெழுத்துப் போட்டார். மற்ற மாதங்களும் வர வர, பன்னிரண்டு தாளிலும் போட வைத்தாள். மை காயும்வரை காத்திருந்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.